டிக்கெட்டின் பின்புறம் அச்சடித்த ஒரு வரி

கேள்வி: நாங்கள் விழுப்புரத்தில் வசிக்கிறோம். பத்து நாள்களுக்கு முன், சென்னைக்கு அருகே உள்ள ஒரு தீம் பார்க்குக்கு எங்கள் நான்கு வயது மகளை அழைத்துச் சென்றோம். 110 செ.மீ. உயரம் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை வைத்திருந்த ராட்டினத்தில், "பரவாயில்லை சார், பக்கத்துல உட்கார்ந்து பிடிச்சுக்கோங்க" என்று சொல்லி ஆபரேட்டரே ஏற்றிவிட்டார். பாதுகாப்புக் கம்பிக்கு அடியில் நழுவி விழுந்ததில் குழந்தையின் முழங்கை எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். 'விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று டிக்கெட்டிலேயே இருப்பதாகவும், பலகையைப் பார்த்தும் ஏற்றியது எங்கள் தவறு என்றும் நிர்வாகம் கூறுகிறது. வழி உண்டா?

பதில்: உண்டு. டிக்கெட்டின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சடித்துவிடுவதாலேயே, தன் ஊழியரின் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஒரு நிறுவனம் கழன்றுகொள்ள முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நுகர்வோருக்குக் காயமோ இழப்போ உண்டாக்கும் கவனக்குறைவையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. அந்த உயரப் பலகை உங்களுக்கு மட்டும் வைத்ததல்ல. அளவு பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டிய ஆபரேட்டருக்கும் அதுவே விதி. நிர்வாகம் தனக்குச் சாதகமாகக் காட்டும் பலகை, உண்மையில் உங்கள் தரப்புச் சான்று.

ஆயினும் பலகையைப் படித்த பிறகும் நீங்கள் ஏற்றியதை எதிர்த்தரப்பு நிச்சயம் எழுப்பும். உங்களுக்கென நீங்கள் கேட்கும் தொகை அதனால் குறையவும் கூடும். நான்கு வயதுக் குழந்தையின் மீது கவனக்குறைவைச் சுமத்த முடியாது என்பதாலும், பெற்றோரின் தவறு குழந்தையின் உரிமையைப் பறித்துவிடாது என்பதாலும், மகள் சார்பிலும் உங்கள் பெயரிலும் தனித்தனியாக இழப்பீடு கோருங்கள். சிகிச்சை பெற்ற குழந்தை, அதற்குப் பணம் செலுத்திய பெற்றோர் ஆகிய இரு தரப்பினரும் நுகர்வோரே என்று ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் 1998-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது இங்கும் துணை நிற்கும்.

முதலில் செய்ய வேண்டியது சிசிடிவி பதிவைக் காப்பாற்றுவது. பல இடங்களில் சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது பதிவாகிவிடும். எனவே நாள், நேரம், ராட்டினத்தின் பெயர் குறிப்பிட்டு, அந்தப் பதிவை அழிக்கக் கூடாது என்று ஒப்புகையுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்டில் இன்றே நோட்டீஸ் அனுப்புங்கள். டிக்கெட், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, ரசீதுகள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

வழக்குக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, சம்பவ நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்யலாம். கட்டணத்தைப் பலர் தவறாகக் கணக்கிட்டுப் பயப்படுகிறார்கள்: கேட்கும் இழப்பீடு அல்ல, சேவைக்குக் கொடுத்த தொகையே அளவுகோல், அது ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை.

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம் என்பதால், பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் தண்டனைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவின்படி (பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும் கவனக்குறைவான செயல்) காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். இழப்பீட்டுக்கு அது மாற்றல்ல.

நிர்வாகம் சமரசத்துக்கு அழைத்தால், 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திட வேண்டாம். கம்பியை எடுக்கும் செலவும் பிசியோதெரபியும் இன்னும் வரவிருக்கின்றன. முழங்கை வளர்ச்சியில் பாதிப்பு இருக்குமா என்று எலும்பு மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிய பிறகே தொகையைப் பேசுங்கள்.