நாஸ் டிரைவ் அடிக்கடி காணாமல் போவது ஏன்?

ரூட்டரில் மாட்டிய நாஸ் டிரைவ் (நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) காலையில் கணினியில் தெரிகிறது, மாலையில் காணோம் என்கிறீர்கள். காணாமல் போன அந்த நேரத்திலேயே அதன் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்) பிங் செய்து, அதாவது ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால், பெரும்பாலும் பெயரை வைத்துத் தேடுவதில்தான் சிக்கல். ஐபி எண்ணைக் கொடுத்தே மேப் செய்யுங்கள், அதாவது கணினியில் ஒரு டிரைவாக இணையுங்கள்.

பதில் இல்லையென்றால், மின்வெட்டுக்குப் பின் ரூட்டர் வேறு எண் கொடுத்திருக்கலாம். நாஸுக்கென்று ஒரே எண்ணை ரூட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணும் மாறவில்லையா? அப்புறம் நான் கேபிளைத்தான் சந்தேகிப்பேன். வழக்கமான ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்புக்கு உள்ளே இருக்கும் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி பழுதானால் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கலாம், இணைப்பு விட்டுவிட்டும் வரலாம். நாஸின் நெட்வொர்க் பக்கத்தில் 1000க்குப் பதில் 100 என்று இருந்தால், ஃபர்ம்வேரை (நாஸின் உள் மென்பொருள்) தொடும் முன் கேபிளை மாற்றுங்கள்.