வாசகர் கேள்வி–பதில்: ‘பாதிக்கப்பட்ட’ என்று எழுதலாமா?

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு மலரில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வரைந்த தேர் ஓவியத்தை அச்சிடுகிறோம். அதன் கீழே ‘ஆட்டிசத்தால் பாதிக்கப்பட்ட மாணவனின் கைவண்ணம்’ என்று எழுதியிருந்தேன். ‘பாதிக்கப்பட்ட’ என்பதை எடுத்துவிடுமாறு மாணவனின் அக்கா கேட்கிறார். ஆங்கிலத்தில் ‘ஆட்டிஸ்டிக்’ என்று சொல்வதே தவறு, ‘பெர்சன் வித் ஆட்டிசம்’ (ஆட்டிசத்தோடு இருக்கும் மனிதர்) என்பதுதான் மரியாதை என்று எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தமிழில் எப்படி எழுதுவது? – ஓர் ஆசிரியை, கரூர்

பதில்: அக்கா சொல்வது சரி. பயிற்சி வகுப்பில் சொன்னது நல்லெண்ணத்தில் பிறந்த பழைய விதி. 1974இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே ஒன்றுகூடி, எங்களை முதலில் மனிதர்களாகப் பாருங்கள் என்ற கோரிக்கையோடு ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மனிதரை முன்னே வைத்துக் குறைபாட்டைப் பின்னே சொல்லும் முறை பிறகு மருத்துவர்களிடமும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களிடமும் பரவி, எல்லாருக்கும் பொதுவான விதியாகவே ஆகிவிட்டது.

ஆட்டிசம் உள்ளவர்களிடமிருந்தே இதற்கு மறுப்பு வந்தது. அவர்களில் ஒருவரான ஜிம் சின்க்ளேர் 1999இல் எழுதிய கட்டுரையில் மூன்று காரணங்களைச் சொன்னார். ‘ஆட்டிசத்தோடு இருக்கும் மனிதர்’ என்றால், ஆட்டிசத்தைக் கழற்றி வைத்துவிட்டால் உள்ளே வேறொரு ‘உண்மையான’ மனிதர் இருக்கிறார் என்றாகிறது. ஆட்டிசம் ஒருவருடைய அடையாளத்தில் அவ்வளவு முக்கியமானதில்லை என்றாகிறது. அதைவிட, அது தள்ளி வைத்தே சொல்ல வேண்டிய கெட்ட விஷயம் என்றாகிறது. பார்ப்பது, கேட்பது, நினைவில் வைப்பது, பிறரோடு பழகுவது என எல்லாமே ஆட்டிசத்தின் வழியாக நடக்கும்போது அதைத் தன்னிடமிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்பதே அவர் வாதம்.

இது ஒருவருடைய தனிக் கருத்தாக நின்றுவிடவில்லை. பிரிட்டனில் 3,470 பேரிடம் எடுக்கப்பட்டு 2016இல் வெளியான கணக்கெடுப்பில், ‘ஆட்டிஸ்டிக்’ என்ற சொல்லை ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் 61 விழுக்காட்டினர் ஏற்றார்கள். அவர்களுக்காகப் பணிபுரியும் தொழில்முறையாளர்களிலோ 38 விழுக்காட்டினர்தான் ஏற்றார்கள். அதாவது, யாருடைய மரியாதைக்காக விதி போடப்பட்டதோ அவர்களைவிட அந்த விதியைப் பரப்பியவர்களே அதை இறுகப் பிடித்திருந்தார்கள். மார்ட்டன் ஆன் கெர்ன்ஸ்பாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2017இல் இன்னொன்றைக் காட்டினார். ஆய்வுக் கட்டுரைகளில் குறைபாடு இல்லாத குழந்தைகளை இந்த முறை இல்லாமல் சாதாரணமாகவே குறிப்பிடுகிறார்கள். சமூகம் எந்தக் குறைபாட்டை அதிகம் இழிவாகப் பார்க்கிறதோ, அதைப் பற்றி எழுதும்போதுதான் இந்தச் சுற்றிவளைத்த மரியாதை மிகுதியாக வருகிறது.

ஆனால் ஆங்கிலத்தின் தீர்ப்பை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். நெதர்லாந்தில் கேட்டபோது, டச்சு மொழி பேசும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் பெரும்பான்மையினர் ‘ஆட்டிசத்தோடு இருப்பவர்’ என்பதையே விரும்பினார்கள். தமிழிலோ இந்தச் சண்டைக்கே இடமில்லை: ‘ஆட்டிசம் உள்ளவர்’ என்றாலும் ‘ஆட்டிச நிலையாளர்’ என்றாலும் ஆள் கடைசியில்தான் வருவார். நமக்குச் சிக்கல் இடையில் வரும் வினைச்சொல்லில் இருக்கிறது. ‘பாதிக்கப்பட்ட’ என்றவுடன், நன்றாக இருந்த பிள்ளையை வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து தாக்கியது என்ற கதை தானாகவே சேர்ந்துகொள்கிறது. ‘பீடிக்கப்பட்ட’, ‘அவதிப்படும்’, ‘நோயாளி’ எல்லாம் இதே வரிசைதான். ஆட்டிசம் மூளை வளரும் விதத்தோடு வருவது. பின்னால் வந்து தொற்றுவதில்லை. நோய் என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘எப்போது குணமாகும்?’ என்பதுதான், அந்தக் கேள்வியை நம்பிக் கடை விரித்திருப்பவர்கள் எத்தனை பேர் என்பது பெற்றோர்களுக்குத் தெரியும்.

அரசுத் தாள்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர்’ என்றொரு தொடரும் உண்டு. வகுப்பில் மற்றவர் காதில் விழாத டியூப் லைட் ரீங்காரம் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையைப் புற உலகச் சிந்தனையற்றவன் என்பது எனக்கு விளங்கவில்லை. அவனுக்குப் புற உலகம் கொஞ்சம் அதிகமாகவே வந்து சேர்கிறது.

இருந்தாலும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கோ தேர்வுச் சலுகைக்கோ விண்ணப்பிக்கும்போது படிவத்தில் உள்ள சொல்லையே எழுதுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் உரிமை அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

ஆண்டு மலருக்கு ‘ஆட்டிசம் உள்ள மாணவன்’ என்பது போதும். அதற்கு முன், மற்ற ஓவியங்களின் கீழே பெயரும் வகுப்பும் மட்டும் இருக்க, இந்தத் தேருக்கு மட்டும் அந்தக் குறிப்பு எதற்கு என்று யோசியுங்கள். அது தேவைதானா என்பதை மாணவனிடமே கேட்டுவிடுங்கள். பேச்சு குறைவாக இருந்தால், இரண்டு வாசகங்களையும் எழுதிக் காட்டினால் அவனே தொட்டுக் காட்டக்கூடும்.

கேள்வி: என் மகள் நன்றாகப் பேசுவாள், படிப்பாள். ‘லேசான ஆட்டிசம்’ என்று சொல்லலாமா? – ஒரு தாய், மதுரை

பதில்: வேண்டாம். ‘லேசான’ என்பது பெரும்பாலும் பார்ப்பவருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதன் அளவுதான். நன்றாகப் பேசும் பெண்ணுக்கு உதவி தேவையில்லை என்று பள்ளி தீர்மானித்துவிடும்; பேசாத பிள்ளைக்கோ எதுவும் புரியாது என்று தீர்மானித்துவிடும். ஆசிரியரிடம் என்ன தேவை என்பதைச் சொல்லுங்கள்: சத்தம் அதிகமானால் பத்து நிமிடம் வெளியே இருக்க அனுமதி வேண்டும், கால அட்டவணை மாறினால் முந்தின நாளே தெரிவிக்க வேண்டும் என்பதுபோல. பதின்வயதில் இருக்கிறாள் என்றால், வகுப்பில் யாரிடம் சொல்லலாம், எந்தச் சொல்லில் சொல்லலாம் என்பதை அவளே முடிவு செய்யட்டும்.