குழந்தைக்குக் கழுத்தில் லைன் போட்டதற்கு 4 எக்ஸ்ரே பில்லா?

கேள்வி: எனக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலை. இரண்டரை வயது மகளுக்கு ரத்தத்தில் கிருமி பரவி, நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 9 நாள் கிடந்தோம். கழுத்தில் ஸ்கேன் பார்த்து ஒரு லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் மருந்து ஏற்றும் மெல்லிய டியூப்) போட்டார்கள். பில்லில் அந்த ஸ்கேனுக்கு ஒரு தொகை, நெஞ்சு எக்ஸ்ரே 4 என்று தனியாக ஒரு தொகை. ஸ்கேன் பார்த்துத்தானே போட்டார்கள், பிறகு எக்ஸ்ரே எதற்கு? சின்னப் பிள்ளைக்கு இத்தனை எடுத்தால் கெடுதல் இல்லையா? பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாளே, அதுவே பெரிய நிம்மதி. இனி பில்லைப் பார்ப்போம்.

முதல் எக்ஸ்ரேயைப் பற்றி சண்டை வேண்டாம், அது கட்டாயம் தேவைப்பட்டிருக்கும். ஊசி சரியான ரத்தக்குழாயில் இறங்குகிறதா என்று பார்க்கத்தான் கழுத்தில் ஸ்கேன் வைக்கிறார்கள். உள்ளே போன டியூபின் நுனி கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பது வேறு விஷயம். அது இதயத்துக்கு மேலே இருக்கிற பெரிய ரத்தக்குழாயில் நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு அந்த இடமே சில சென்டிமீட்டர்தான், கொஞ்சம் கூடுதலாக இறங்கினால் இதயத்துக்குள் போய்விடும், அபூர்வமாகச் சுவரைத் துளைத்து இதயத்தைச் சுற்றி நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகிவிடுவதும் உண்டு. கழுத்தில் குத்தும்போது நுரையீரலில் பட்டு காற்று கசிந்திருக்கிறதா என்பதும் அதே படத்தில் தெரியும். எக்கோ என்கிற இதய ஸ்கேன் பார்த்தே நுனியைக் கண்டுபிடிக்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதற்குப் பழகிய கை வேண்டும்.

இரண்டாவது படத்துக்கும் நியாயம் இருக்கலாம். நுனி ஆழமாக இருந்து டியூபைக் கொஞ்சம் வெளியே இழுத்திருந்தால் மறுபடி பார்த்துத்தான் ஆக வேண்டும். மூச்சுத் திணறல் வந்தாலும், சளி கட்டியதா என்று பார்க்கவும் எடுத்திருக்கலாம். லைன் இருக்கிறது என்பதற்காக மட்டும் தினம் ஒன்று எடுப்பதும், கழற்றிய பிறகு வழக்கம் என்று ஒன்று எடுப்பதும் தேவையில்லாதது. பிள்ளை அசைந்து படம் கலங்கிப்போய்த் திரும்ப எடுத்திருந்தால் அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டக்கூடாது என்பேன்.

கெடுதல் பற்றி ராத்தூக்கம் கெட வேண்டாம். நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாளில் உடம்பில் சேருகிற கதிர்வீச்சு எவ்வளவோ, ஒரு நெஞ்சு எக்ஸ்ரே ஏறக்குறைய அவ்வளவுதான். நம்ம மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்கிற கதிர்வீச்சுள்ள தாது இருப்பதால் அங்கே அந்த இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். அதற்காகத் தேவையில்லாமல் எடுக்கலாம் என்று சொல்லவில்லை, குழந்தை விஷயத்தில் ஒரு படம் என்றாலும் காரணம் இருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. 4 படமும் உண்மையில் எடுத்தார்களா என்று முதலில் பாருங்கள். சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே ரிப்போர்ட், படங்களின் சிடி எல்லாம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதியே இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் பெயரோடு நாளும் மணியும் பதிந்திருக்கும். அந்த மணியை நர்ஸ் எழுதிய குறிப்போடு ஒத்துப் பாருங்கள், கழுத்திலிருந்து இறங்கும் மெல்லிய வெள்ளைக் கோடுதான் உங்கள் மகளின் லைன், நுனி எந்தப் படத்தில் மேலே ஏறியிருக்கிறது என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும். பில்லில் 4, கையில் 3 என்றால் மிச்சத் தொகையை எழுத்தில் கேளுங்கள். நாலும் இருந்து காரணமும் எழுதியிருந்தால் பணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகார் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காசு வாங்கிச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம், பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். அந்த சிடியை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், மகளை அடுத்து வேறு டாக்டரிடம் காட்டும்போதும் அவர் அதைத்தான் முதலில் கேட்பார்.