எந்த வேலையை முதலில் எடுப்பது? கேள்வி பதில்

கேள்வி: எனக்கு இரண்டு மேலதிகாரிகள். இருவரும் தங்கள் வேலையைத்தான் முதலில் முடிக்கச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: அதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் போடுங்கள்: "அறிக்கையை இன்று எடுத்தால் தணிக்கைப் பட்டியல் வெள்ளிக்கிழமைதான் முடியும். எதை முதலில் எடுக்கட்டும்?" தனித்தனியாகப் போனால் இரண்டு இடத்திலும் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வருவீர்கள். எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கேள்வி: வேலைகளைக் குறித்துவைக்க எந்தச் செயலி நல்லது?

பதில்: ஒரு தாள் போதும்.

கேள்வி: வேலைகளை அவசரமா, முக்கியமா என்று பார்த்து நான்கு கட்டமாகப் பிரித்தால், எல்லாமே 'அவசரம், முக்கியமும்கூட' என்ற முதல் கட்டத்தில் விழுகிறதே?

பதில்: அவசரமானது முக்கியமல்ல, முக்கியமானது ஒருபோதும் அவசரமல்ல என்று ஒருவர் சொன்னதை அப்போதைய அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954இல் ஓர் உரையில் எடுத்துச் சொன்னார். கட்டமெல்லாம் பிறகு வந்தது. ஒவ்வொரு வேலைக்கும், இதை இன்று விட்டால் நாளை யாருக்கு எது நின்றுபோகும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேலை அவசரமல்ல, கேட்டவர்தான் அவசரப்படுகிறார்.

கேள்வி: எல்லா வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவதுதான் எனக்குச் சரிப்படுகிறது. அதில் என்ன தப்பு?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வேலை, ஒவ்வொன்றும் 2 நாள். ஒன்றை முடித்து அடுத்ததை எடுத்தால் 2, 4, 6ஆம் நாட்களில் முடியும். நாளுக்கொன்றாக மாற்றி மாற்றிச் செய்தால் 4, 5, 6. மூன்றாமவருக்கு ஒரு நாளும் மிச்சமில்லை, முதல் இருவருக்கும் தாமதம். மாறும்போதெல்லாம் விட்ட இடத்தைத் தேடும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

கேள்வி (அவரே): மூன்றாமவர் நான்கு நாள் எதுவும் நடக்காததைப் பார்த்துக் கோபப்படுவாரே! தொட்டாவது வைத்தால் சமாதானமாவார்.

பதில்: தொட்டு வைத்த வேலையால் அவருக்கு என்ன பயன்? எப்போது கிடைக்கும் என்று தெரியாததுதான் அவருடைய கோபம். தேதி சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் இரண்டு மேலதிகாரிகள்...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கூடுதல் வேலைக்குச் சம்பள உயர்வு கேட்கலாமா?

பதில்: அது என் துறை அல்ல. மனிதவளப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி (கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துபவரே மறுபடியும்): சரி, தேதி சொல்கிறேன். நடுவில் புது வேலை வந்து தள்ளிப்போனால்?

பதில்: 6ஆம் நாள் என்று கணக்கு வந்தால் 7 என்று சொல்லுங்கள். அதுவும் தவறும் என்று தெரிந்தால் கடைசி நாள்வரை காத்திருக்காமல், புது வேலை வந்த அன்றே புதுத் தேதியைச் சொல்லிவிடுங்கள். எழுத்தில்.