எலக்ட்ரானிக் டிரம்ஸ்ல ஒரு பேடுக்கு வேற சவுண்ட் வைக்கிறதுன்னா என்ன?

எந்தப் பேடை அடிச்சா எந்தச் சத்தம் வரணும்னு மாட்யூல்ல, அதாவது பேடோட வயரெல்லாம் வந்து சேர்ற கண்ட்ரோல் பெட்டில, செட் பண்றதுதான். பேடுக்குன்னு சொந்தமா சத்தம் கிடையாது, உள்ள இருக்குற பீசோ சென்சார் அடி எவ்ளோ பலமா விழுந்துச்சுன்னு சிக்னல் அனுப்பும், அது எந்த வயர்ல வருதுன்னு பாத்து மாட்யூல் அதுக்கு வச்சிருக்குற சவுண்டை எடுத்து விடும். காலிங் பெல் மாதிரிதான், குருவி கத்தணுமா மணி அடிக்கணுமான்னு பட்டனா முடிவு பண்ணுது?

பெரும்பாலும் மெனுவுக்குள்ள போய் பேடை ஒரு தட்டு தட்டினா செலக்ட் ஆயிடும், சவுண்டை மாத்திட்டு "யூசர் கிட்"டா, அதாவது உங்க சொந்த சவுண்ட் செட்டா, சேவ் பண்ணுங்க (நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுவாங்க).

மாட்யூல்ல மாத்தினா கம்ப்யூட்டர்லயும் மாறிடும்னு நினைக்காதீங்க, யூஎஸ்பி வழியா மிடில போறது சத்தம் இல்ல, எந்தப் பேடுன்னு சொல்ற நோட் நம்பரும் அடியோட பலமும்தான், ஸ்நேர் டிரம்முன்னா அந்த நம்பர் வழக்கமா 38, பெரும்பாலான கிட்ல அதைத் தனியாத்தான் மாத்தணும்.