அரசியல் பேசும் நவீன ஆப்பெராவை நேரில் பார்த்திருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

லண்டன் கொலீசியம் அரங்கில் அமெரிக்க இசையமைப்பாளர் ஃபிலிப் கிளாஸின் 'சத்தியாகிரஹா' பார்த்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டம்தான் கதை. 1980இல் ராட்டர்டாமில் முதலில் அரங்கேறியது.

பாட்டு முழுக்க சமஸ்கிருதம், எல்லாம் கீதை சுலோகங்கள். மேடையில் டர்பன் நகரத்துக் கும்பல் ஒன்று காந்தியைத் துரத்துகிறது, காவல்துறை அதிகாரியின் மனைவி குடையோடு வந்து காப்பாற்றுகிறார். பாட்டிலோ அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மேலே ஓடும் மொழிபெயர்ப்பும் இல்லை, எப்போதாவது சுவரில் ஓரிரு வாக்கியம் தெரியும். அரசியல் நாடகம் என்றால் அனல் பறக்கும் வசனம் என்று பழகிய நமக்கு இது புதுசு.

அப்புறம் அரசியல் எங்கே என்றால், செய்தித்தாளில். காந்தி அங்கே நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை பற்றிய காட்சியில் தாள் கைமாறிக்கொண்டே போகிறது. அதே தாளைத்தான் கசக்கி உருட்டி காந்தி மேல் எறிகிறார்கள். அதே தாளில் செய்த ராட்சத பொம்மைகளும் எழுந்து நிற்கின்றன. அச்சடித்த காகிதம் யார் கையில் என்ன ஆகிறது என்று இதைவிடத் தெளிவாக எந்த வசனமும் சொல்லியிருக்காது.

சலிப்பு தட்டியதா? முதல் அங்கத்தில் நன்றாகவே தட்டியது. இடைவேளைகளோடு மூன்று மணி நேரத்துக்கு மேல், திரும்பத் திரும்ப ஒரே ஸ்வரக்கோவை, தாளவாத்தியம் என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் கடைசியில் காந்தி தனியாக நின்று எட்டு ஸ்வரங்களை ஏறுமுகமாகப் பாடிக்கொண்டே இருப்பார். கமகம் இல்லாத தோடி ஆரோகணம்தான் அது. அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மனக்குறை உண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய 1913 நியூகாசில் நடைப்பயணத்தில் போன சுரங்கத் தொழிலாளர்களில் தமிழர்கள் ஏராளம். மேடையில் அவர்கள் வெறும் கூட்டம். தில்லையாடி வள்ளியம்மை கிடையாது; திருமதி நாயுடு என்று ஒரு பாத்திரம், அவ்வளவுதான். மூன்று அங்கங்களுக்கும் டால்ஸ்டாய், தாகூர், மார்ட்டின் லூதர் கிங் என்று பெரிய பெயர்களாக வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் அரங்கத்துக்குள் மட்டும்தானா என்று கேட்டால், 2011 டிசம்பரில் நியூயார்க் லிங்கன் சென்டரில் இதே ஆப்பெரா முடிந்தபோது வெளியே பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்த 'ஆக்குபை' போராட்டக்காரர்கள் நின்றிருந்தார்கள். கிளாஸே அவர்களிடம் போய்க் கடைசிப் பாட்டின் வரிகளை, அதாவது நம் 'யதா யதா ஹி'யை, ஆங்கிலத்தில் சொல்ல, மைக் இல்லாததால் கூட்டமே அதைத் திருப்பிச் சொன்னது. அன்றைக்கு அங்கே டிக்கெட் வைத்திருந்தவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.