லேப்டாப்பில் ஒரு விசை வேலை செய்யவில்லை. லினக்ஸில் அதன் வேலையை வேறு விசைக்குக் கொடுக்க முடியுமா?

முடியும். கீபோர்டையே மாற்றச் சொல்லியிருப்பார்கள், அவசரப்படாதீர்கள். விசைகளின் வேலையை மாற்றும் எக்ஸ்மாட்மேப் கட்டளையையும் நீங்கள் முயன்றிருப்பீர்கள், பலித்திருக்காது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில், 21.04 பதிப்பு முதல் பெரும்பாலான கணினிகளில் திரையைக் கையாள வேலண்ட்தான் இயல்பாக வருகிறது. எக்ஸ்மாட்மேப் அதற்கு முந்தைய எக்ஸ் என்ற திரை அமைப்புக்கு உரியது.

நான் பிழை திருத்துபவன். நாள் முழுவதும் தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பில் தட்டச்சு செய்கிறேன். போன ஆடி மாதம் ஆங்கில எஃப் விசை நின்றுபோனது. தமிழ்99-இல் அதுதான் புள்ளி. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் புள்ளி தானாக விழும் என்பதால் 'அப்பா' பிழைத்தார். 'அவன்' மட்டும் 'அவன' ஆனான். 'வந்தான', 'சொன்னாள' என்று பக்கம் முழுவதும் சொற்கள் வாய் மூடாமல் நின்றன. கடவுச்சொல்லிலும் அந்த எழுத்து இருந்ததால் உள்ளே நுழையவே திரைக் கீபோர்டு தேவைப்பட்டது.

பழுது பார்க்கும் கடைக்காரர் விசையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "லினக்ஸ் போட்டால் இப்படித்தான் சார் ஆகும்" என்று சொல்லி 3,800 ரூபாய் கேட்டார். தேய்ந்த விசைக்கும் இயங்குதளத்திற்கும் என்ன சம்பந்தம்? இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. ஆகவே கேப்ஸ் லாக்கைப் புள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். எந்த விசையை அழுத்தினாலும் கீபோர்டிலிருந்து ஸ்கேன் கோடு என்ற அடையாள எண் ஒன்று புறப்படும். ஈவிடெஸ்ட் நிரலை நிர்வாகி உரிமையுடன் ஓட்டினால் அது தெரியும். என் கேப்ஸ் லாக்குக்கு 3ஏ. கணினியின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில் உடெவ், அதற்குள் ஹெச்டபிள்யூடிபி.டி என்ற அடைவு, அங்கே இரண்டே வரியில் ஒரு கோப்பு எழுதினேன். எந்தக் கீபோர்டு என்பது முதல் வரி, 3ஏ வந்தால் எஃப் எனக் கொள் என்பது இரண்டாம் வரி. இரண்டாம் வரி ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். அந்த இடைவெளியை விட்டுவிட்டு ஓர் இரவு முழுவதும் திண்டாடினேன். பிறகு அந்தக் கோப்பை நடைமுறைக்குக் கொண்டுவர சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட், உடெவ்அட்ம் ட்ரிகர் என்ற இரண்டு கட்டளைகள். மாற்றம் இயங்குதளத்தின் கருவான கெர்னல் மட்டத்திலேயே நடப்பதால் நுழைவுத் திரையிலும் செல்லும், கணினியை அணைத்துப் போட்டாலும் நிலைக்கும்.

விசைகளை மாற்றித் தரும் கீடி நிரல் இருக்க இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். நல்ல நிரல்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பின்னணியில் எந்நேரமும் ஓட வேண்டும். ஒற்றை விசைக்காக அதை வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. தமிழ்நாடு அரசு தமிழ்99-ஐத் தரப்படுத்தியது 1999-இல். இன்றும் கடையில் தமிழ் எழுத்து பொறித்த கீபோர்டு கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். 'அம்மா' என்று எழுத நம் பிள்ளைகள் ஆங்கில ஏ, எம்-ஐத் தேடுகிறார்கள். அகரமும் மகரமும் விரல்கள் தங்கும் நடுவரிசையிலேயே இருக்கின்றன.

புள்ளியை ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டு விரலுக்கு மாற்றியதில் எனக்குப் பத்து நாள் விரல் வலித்தது. இப்போது இல்லை. உங்களுடையது எந்த விசை, ஈவிடெஸ்ட் என்ன எண் காட்டுகிறது என்று எழுதுங்கள். இரண்டாம் வரியை நான் எழுதித் தருகிறேன்.